கேட் திறக்கப் போனவள்

தெருவில் அவள் பெயர் தையலக்கா. ஆளைப் பார்த்தே அளவு சொல்வாள். அவள் தைத்த துணி பிரித்துத் தைக்கத் திரும்பி வந்ததில்லை. கணவன் குடோன் மேற்பார்வையாளன். வீட்டிலும் அதே அதிகாரம்தான்.

வீட்டு வாசல் இறக்கத்தில் இருந்தது. அவன் காரை நிறுத்துவான், அவள் இறங்கிப்போய் கேட்டைத் திறப்பாள். அன்று அவள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது அவனுக்குப் போன் வந்தது. நியூட்ரலில் விட்டு, கைபிரேக்கை இழுத்துவிட்டு, பேசிக்கொண்டே இறங்கினான். கார் சத்தமில்லாமல் உருண்டது. கேட் தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் அவள் வலது கால் நசுங்கியது.

"வண்டிக்கு முன்னாடி எவளாவது நிப்பாளா?" என்று கத்தினான். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். போலீஸ்காரர் வருவதற்குள் அவன் கட்டிலருகே குனிந்தான். "கேஸானா வேலை போயிடும். நான்தான் கைபிரேக்கை எடுத்துவிட்டேன்னு சொல்லிடு." மருந்து மயக்கத்தில் அவள் அப்படியே சொல்லிக் கையெழுத்தும் போட்டாள்.

மறுவாரம் கார் மெக்கானிக் அவளைப் பார்க்க வந்தான். நிமிர்ந்து பார்க்கவே அவனுக்குக் கூச்சம்.

"கைபிரேக் கேபிள் லூசாயிடுச்சுன்னு மூணு மாசம் முன்னாடியே சார்கிட்ட சொன்னேன்க்கா. இழுத்தா நாலஞ்சு 'கிளிக்'லயே பிடிக்கணும், இது பத்து ஏறியும் பிடிக்கல. மாத்தற வரைக்கும் இறக்கத்துல நிறுத்தாதீங்க, நிறுத்தினா ரிவர்ஸ் கியர்ல விட்டு டயருக்குக் கட்டை வைங்கன்னேன். அரை நாள் வேலைகூட இல்ல. 'பொழப்பு நடத்தப் பாக்கறியா'ன்னு சிரிச்சாரு."

அவள் இடது காலால் மிஷின் மிதிக்கப் பழகினாள். தையல் கோணியது. "நொண்டிக் காலுக்கு நொண்டித் தையல்" என்று விருந்தாளிகள் முன்னால் அவன் சிரித்தான். பம்பருக்குப் பெயிண்ட் அடித்தான், கேபிளைத் தொடவில்லை. விற்கப்போகிற வண்டிதானே!

வாங்க வந்தவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். "பிரேக்கெல்லாம் எப்படி சார்?"

"புது வண்டி தோத்துடும்."

அவள் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தாள். "கைபிரேக் பிடிக்காது. இவருக்கு அது தெரியும்." துணியை விலக்கிக் காலைக் காட்டினாள். வந்த பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் அவன் ஊன்றுகோலைப் பிடுங்கித் தெருவில் வீசினான். "இப்ப நடடி, பாக்கலாம்."

சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தி நடந்தாள். மெக்கானிக்குக்குப் போன் போட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையம் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தாள்.

"அப்ப சொன்னது பொய்யா? கையெழுத்து உங்களுதுதானே?" என்றார் அதிகாரி.

"என்னுதுதான். இதுலயும் போடறேன்."

கேஸானதும் கணவனுக்கு வேலை போனது. "ஒரு காலுக்காகப் புருஷன் சோத்துல மண்ணள்ளிப் போட்டவ" என்று நாத்தனார் வீடு வீடாகச் சொன்னாள். துணி தைக்கக் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.