ஐயாவுக்குப் பக்கத்தில் விழுந்த நிழல்

அந்தத் தகரப் பிஸ்கட் பேணியின் மூடியைத் திறந்தால் முதலில் காடி போன்ற புளித்த வாடை ஒன்று வரும், அதன் பின்னாலே மெல்லியதாய்ச் சுருட்டு வாசம். ஐயா அமெரிக்காவில் எடுத்த படங்களின் வாசம் அது. இதை எழுதத் தொடங்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், சபையில் வாய் திறந்து கதைத்தும் பழக்கமில்லை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். போதாததற்கு இப்போதெல்லாம் நேற்று நடந்ததே மறந்துபோகிறது. எங்கள் ஆட்கள் போடும் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ அம்மம்மா என்று பேத்தி விடாமல் கேட்டபடியால், இங்கே ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் குசினி மேசையில் இருந்து, களைத்தால் நிறுத்தி, களை ஆறினால் தொடர்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பருத்தித்துறைப் பக்கம். நாங்கள் ‘ஐயா’ என்று கூப்பிட்ட எங்கள் தகப்பனார் சரக்குக் கப்பலொன்றில் எந்திர அறையில் வேலை செய்தவர். மற்றக் கப்பல்காரர் விடுமுறைக்கு வரும்போது சட்டைத் துணியும் வாசனைப் போத்தலும் கொண்டுவருவார்கள், ஐயா படம் கொண்டுவருவார். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய கமரா ஒன்றை வாங்கி, கப்பல் சரக்கு இறக்குகிற நாட்களில் கிடைக்கிற ஓய்வு நேரத்தில், நியூயோர்க், பால்ரிமோர், பொஸ்ரன் என்று நாங்கள் பேரை மட்டும் கேட்ட பட்டினங்களில் தெருத்தெருவாக நடந்து, கண்ணில் பட்ட கட்டடத்தையும் ஆட்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். விறாந்தையில் பாய் போட்டு, பேணியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து அவர் சொல்லச் சொல்ல, அயலட்டைப் பெண்கள் கையால் தொடாமல் குனிந்து பார்ப்பார்கள்.

இரண்டு தெரு சந்திக்கிற மூலையில் பலாப்பழக் கீற்றைப் போல் கூராக நின்ற ஒரு கட்டடம் இருந்தது. கூரைகளின் மேலே மரத்தாற் செய்த பெரிய தண்ணீர்ப் பீப்பாய்கள் நின்றன. செங்கல் வீடுகளின் முகப்பில், வெளிப்பக்கமாக, இரும்புப் படிகள் மாடிக்கு மாடி வளைந்து இறங்கின. அது கள்ளருக்கு வசதியாகச் செய்துவைத்தது என்றுதான் ஊரில் முடிவு செய்தார்கள், தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்கு என்று எனக்குத் தெரிய வந்தது மிகப் பின்னாலே. யன்னல் விளிம்பில் தலையணை போட்டு முழங்கையை ஊன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த பருத்த பெண்கள், தள்ளுவண்டியில் மீன் விற்ற ஒருவன், கிழவன் ஒருவனின் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இன்னொரு கிழவன். எல்லாம் இருந்தன, ஐயாவின் முகம் மட்டும் ஒன்றிலும் இருக்கவில்லை. படம் எடுக்கிறவன் எப்படி உள்ளுக்குள் நிற்பான் என்று அவர் சிரிப்பார்.

ஒருமுறை வந்தபோது பேணியைத் திறக்கமுன் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் குசினி வாசலில் நின்ற அம்மாவிடம் நீட்டினார்.

“இதிலை நான் நிக்கிறன், பாரும்.”

பொஸ்ரனில் எடுத்தது. ஒரு செங்கல் கட்டடம், அந்த இரும்புப் படிகளோடு; அதன் வாசலில் ஒருவன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். நடைபாதையிலே, படத்தின் அடியிலிருந்து தொடங்கி, இரண்டு நிழல்கள் நீளமாகப் போய்க் கட்டடத்தின் சுவரில் ஏறி நின்றன. முகத்துக்கு நேரே கமராவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிழல் ஐயா. அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, கனநேரம் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

பக்கத்து வீட்டு மணி மாமிதான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பகிடியாகத்தான், ஐயாவைக் கேட்டார்.

“ஏன் தம்பி, பக்கத்திலை ஆரோ பாவாடையோடை நிக்கிறா?”

எல்லாரும் சிரித்தார்கள், ஐயாவும் சிரித்தார். அது கப்பற் குசினியில் சமையல் வேலை செய்கிற லூயிஸ், கோவாக்காரன், தன்னோடு நடக்க வந்தவன், கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான் என்றார். நாங்கள் எல்லாரும் திரும்பவும் குனிந்து பார்த்தோம். ஐயாவின் நிழலில் இரண்டு கால்களும் தனித்தனியே தெரிந்தன. மற்ற நிழல் தோளிலிருந்து ஒரே இறக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே மணி போல விரிந்து நின்றது. எங்களுக்குத் தெரிந்த கோட்டு, கல்யாண மாப்பிள்ளையும் வக்கீலும் போடுகிற கோட்டுத்தான், அது இடுப்புக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிடும். மணி மாமி படத்தை வைத்துவிட்டு, அடுப்பில் உலை கிடக்கிறது என்று எழும்பிப் போய்விட்டார்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

“எத்தினை மணிக்கு எடுத்தனீங்கள்?”

மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் என்றார் ஐயா.

அடுத்த நாள் மத்தியானம் நான் கிணற்றடிக்குப் போனபோது, அம்மா முற்றத்து வெயிலில் சும்மா நின்று தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் உச்சி வெயிலுக்கு நிழல் காலுக்குள்ளே சுருண்டுதான் கிடக்கும். நீளமான நிழல் என்றால் விடியல், இல்லையென்றால் அந்திப்பொழுது. ஆகவே ஐயா நேரத்தைப் பொய்யாகச் சொன்னார், நேரம் பொய்யென்றால் லூயிஸும் பொய். அம்மா வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அந்த வயதிலேயே எனக்கு அது விளங்கியது.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அம்மா ஐயாவை ‘இஞ்சருங்கோ’ என்று கூப்பிடுவதை விட்டார், அவ்வளவுதான். அதன்பிறகு எல்லாம் என் மூலமாகவோ தம்பி மூலமாகவோ போனது. சோறு போட்டிருக்கென்று உன்ரை ஐயாவுக்குச் சொல்லு, மழை வருகுதாம், கூரையைப் பார்க்கச் சொல்லு. ஐயா எதிரிலே இருந்து கேட்டுக்கொண்டிருப்பார், நான் திருப்பிச் சொல்லும்வரை அசையமாட்டார். முதலில் சிரித்துச் சமாளித்தார், பிறகு லூயிஸைப் பற்றி ஏதேதோ சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். இன்னும் சில பயணம் போய் வந்தார், படம் ஒன்றும் கொண்டுவரவில்லை. கப்பலை விட்டு எங்கள் பக்கத்துப் பட்டினத்தில் இரும்புக் கடையொன்றில் வேலைக்கு நின்றார். நான் கல்யாணம் முடித்துப் போய்ப் பிள்ளைகளோடு வரும்போதும் அம்மா, உன்ரை ஐயாவைக் கேள் என்றுதான் சொல்லுவார். இரண்டு பேரும் களைத்துப்போனார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கும் காரணமில்லாமல் களைக்கும். நாங்கள் நோர்வே வருவதற்கு முந்திய வருடம் ஐயா செத்துப்போனார்.

இங்கே வந்த முதல் மாரியில், பனிக்காலத்தில், ஒருநாள் நானும் என் கணவரும் ட்வெய்ட்டாக் கடைகளில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தோம். யாரோ கொடுத்த பழைய கோட்டு ஒன்று அவருக்கு, உயரமான வெள்ளைக்காரனுக்குத் தைத்தது, முழங்காலுக்கும் கீழே கிடந்தது. வெயில் எறித்தது, சூடில்லாத வெயில். விழுந்துவிடாமல் நிலத்தைப் பார்த்து நடந்த எனக்கு முன்னால், பனியின் மேல் எங்கள் இரண்டு பேரின் நிழலும் கட்டடத்துச் சுவர்வரைக்கும் நீண்டு கிடந்தது. என்னோடு ஒரு பாவாடைக்காரி நடந்து வருவதுபோல இருந்தது. நான் நின்றுவிட்டேன். இப்போது எத்தனை மணி என்று கேட்டேன். பன்னிரண்டு தாண்டிவிட்டது, ஏன் என்றார்.

அம்மாவுக்குச் சொல்வதா விடுவதா என்று அந்த மாரி முழுவதும் எனக்குள்ளே கிடந்து உழன்றேன். சொன்னால் ஐயாவுக்கு நியாயம் கிடைக்கும், ஆனால் அம்மா காத்துவந்த கோபத்துக்கு அர்த்தம் இல்லாமற் போய்விடும், அந்த வயதில் அதைக் கொண்டு அவர் என்ன செய்வார். கடைசியில் அவர் கொழும்பில் தம்பி வீட்டுக்கு வந்து நின்றபோது போன் எடுத்துச் சொன்னேன். இங்கே ஆண்கள் பாவாடை மாதிரி நீளக் கோட்டுப் போடுகிறார்கள், மத்தியானத்திலும் நிழல் நீளமாகத்தான் விழுகிறது, ஐயா சொன்னது உண்மையாக இருக்கவேண்டும் என்று, தடக்கித் தடக்கிச் சொல்லி முடித்தேன்.

“இப்ப ஏன் பிள்ளை எனக்கு இதைச் சொல்லுறாய்,” என்றார் அம்மா.

பிறகு, பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்.

“அவரின்ரை நிழலிலை ரெண்டு காலும் வேறை வேறையாத் தெரிஞ்சது, என்ன?”

“ஓம் அம்மா.”

“அப்ப அவரிட்டைக் கோட்டு இருக்கேல்லை, அந்தக் குளிருக்கை.”

அவ்வளவுதான். போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம்வரை நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

இப்போது அம்மாவும் இல்லை, என் கணவரும் இல்லை. சண்டையில் ஊர்ச்சனம் இடம்பெயர்ந்த நேரத்தில் வீட்டோடு பேணியும் போய்விட்டது, அதிலிருந்த ஒரு படமேனும் யாரிடமும் இல்லை. பேத்தி கட்டடக்கலை படித்துவிட்டு ‘பிராக்சிஸ்’ என்று வேலை பழக அமெரிக்கா போயிருக்கிறாள். அவள் கைப்பேசிக்கு அனுப்புகிற படங்களில் அந்த இரும்புப் படிகள் அப்படியே இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் முகம் சிரித்துக்கொண்டு நிற்கிறது. அவளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, பொஸ்ரன் ஒஸ்லோவைவிட நல்லாய்த் தெற்கே இருக்கிறது அம்மம்மா, அங்கே வெயில் கொஞ்சம் மேலாலே நிற்கும், நிழலும் கொஞ்சம் கட்டையாகும் என்றாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியாக இல்லை. நான் ஒஸ்லோ வெயிலைப் பார்த்துவிட்டுத்தானே அம்மாவுக்குச் சொன்னேன். அந்தப் பட்டினத்தில் மாரி காலத்தில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், மத்தியானம் அங்கே ஓர் ஆளின் நிழல் தெருவில் தொடங்கிச் சுவரில் ஏறும் அளவுக்கு நீளுமா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லவேண்டும். இல்லையென்றாலும் சொல்லுங்கள்.