அண்ணி செய்யாத சத்தியம்

என் பெரிய அண்ணன் அங்கமுத்துவின் மனைவி ஆண்டாயிக்குக் காலையில் கண் திறக்காது. அதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் சாயங்காலம் அவளைப் பார்க்காதவர்கள். விளக்கு வைத்த பிறகு உட்கார்ந்தால் ஒரு மூட்டை வெங்காயத்துக்குக் காய்ந்த தாள் அரிந்துவிட்டு, மறுநாளைக்கு மாவும் ஆட்டி வைப்பாள். காலையில் எழுப்பினாலோ எழுந்து உட்காருவாள், உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள்.

எங்கள் வீட்டில் அப்படித் தூங்குகிற இன்னொரு ஆளும் உண்டு, சின்ன அண்ணன் சிங்காரவேலு. எட்டு மணிக்கு முன்னால் அவன் எழுந்து நான் பார்த்ததில்லை. "புள்ள அசந்து தூங்குறான், பாத்திரத்த உருட்டாதீங்கடி" என்பாள் அம்மா. அதே வாயால் அண்ணியை மூதேவி என்பாள். அப்போது எனக்குப் பதினாறு வயது. இந்த அநியாயம் எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாசல் தெளித்துக் கோலம் போடாமல் ஆண்கள் வெளியே கால் வைக்கக் கூடாது. பெரிய அண்ணனோ கோழிக்கு முன்னால் விழிக்கிறவன். பெண்டாட்டியை எழுப்ப மனசு வராமல் அவனே சாணி கரைத்துத் தெளிப்பான். நான் கோலம் போடுவேன். இப்படியே ஒரு வருஷம் ஓட்டினோம். எண்பத்தொன்றாம் வருஷ மார்கழியில் எதிர்வீட்டுப் பாப்பாத்தி, சாணி வாளியும் கையுமாக அண்ணனைப் பார்த்துவிட்டாள். பொழுது விடிவதற்குள் தெருவே சிரித்தது.

அம்மாவுக்கு மானம் போய்விட்டது. சிறுவாச்சூரிலிருந்து அண்ணியின் அப்பா பிச்சைமுத்துவை வரவழைத்து, நடுவீட்டில் சூடம் கொளுத்தினாள்.

"நாளையிலேருந்து கோழி கூவ எந்திரிச்சிடுவேன்னு இத அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. பண்ணுனா இருக்கட்டும்."

அண்ணி கையை நீட்டினாள். பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"முழிச்சிருக்கப்ப செய்யிறதுக்கு சத்தியம் பண்ணுவேன் அத்தை. தூங்கறப்ப நடக்கிறதுக்கு எப்படிப் பண்ணுவேன்? பொய்யாப் போச்சுன்னா அது உங்க மவனயில்ல புடிக்கும்?"

"சும்மா பண்ணிடும்மா" என்று கெஞ்சினார் பிச்சைமுத்து.

"நான் எழுப்பி வுடுறேம்மா. நானே பண்ணுறேன் சத்தியம்" என்று அண்ணன் குனிந்தான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள். அவன் நிமிர்ந்து ஒதுங்கிக்கொண்டான். அப்பா இல்லாத வீடு. அம்மாவை எதிர்த்து அவனுக்குப் பழக்கமில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கச் சூடம் எரிந்து தீர்ந்தது.

அவளை நாங்கள் துரத்தவில்லை. "பழகிக்கிட்டு வா" என்றுதான் சொல்லி அவள் அப்பாவோடு அனுப்பினோம். இப்படிச் சொல்லித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அண்ணன் மாதம் ஒருமுறை பெரம்பலூரில் பஸ் மாறிச் சிறுவாச்சூர் போய்வருவான். ஒரு தடவை நானும் கூடப் போனேன். அண்ணி மெலிந்திருந்தாள். தினமும் நாலு மணிக்கு முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்புகிறார்களாம். எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பவாச்சும் தானா எந்திரிக்கிறியா?" என்று அண்ணன் கேட்டான்.

"இல்லைங்க."

"எந்திரிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

அந்தப் பொய்யைச் சொல்லிவிட மாட்டாளா என்று நான் அண்ணியின் வாயையே பார்த்தேன்.

"விடிஞ்சா தெரிஞ்சிடுமேங்க" என்றாள்.

அண்ணன் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.