எங்கள் ஊரில் இருந்த ஒரே இறக்கம்

அந்த லாரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலமாகிவிட்ட வண்டியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதுதான் மரியாதை. என்னால் முடியாது. என் சின்ன வயதுத் தூக்கத்தில் பாதியைத் தின்றது அதுதான்.

எங்கள் ஊர் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருந்தது. அய்யா என்று நான் கூப்பிடும் என் அப்பா அந்தப் பழைய டீசல் லாரியில் ஐஸ் கம்பெனியிலிருந்து படகுகளுக்கு ஐஸ் கட்டி கொண்டுபோவார். படகுகள் திரும்பியதும் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் போவார். வெளியே உப்புக் காற்று, உள்ளே ஐஸ் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? இந்த வாரம் கதவுக் கொண்டி கழன்று விழும், அடுத்த வாரம் சைலன்சர் தொங்கும். பெரிய பழுதாக ஒன்று வந்திருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். வந்ததெல்லாம் சில்லறைப் பழுதுகள். அவற்றுக்கு மருந்து எங்கள் வீட்டிலிருந்தே போனது. ரேடியேட்டர் ஒழுகினால் அடுக்களையில் மஞ்சள்தூள் டப்பாவைக் காணாது. தூளைக் கொட்டினால் ஓட்டை கொஞ்ச நேரத்துக்கு அடைத்துக்கொள்ளுமாம். அம்மா துவைக்க உட்கார்ந்து சோப்பைத் தேடினால் அது டீசல் டேங்கின் கசிவில் அப்பியிருக்கும். ஒரு தடவை என் சைக்கிள் டியூபைக் கீறி ஏதோ ஒரு ஹோஸைச் சுற்றிக் கட்டினார். பழைய டியூப் என்று அவர் சொன்னார். நான் அறிந்தவரை அது முந்தின நாள்வரை ஓடிக்கொண்டிருந்த டியூப்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது செல்ஃப். சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுற்றிவிட வேண்டிய செல்ஃப் மோட்டார் ஒருநாள் ஊமையாகிவிட்டது. செல்ஃப் எடுக்காத வண்டியைக் கிளப்ப வேண்டுமானால் ஆட்கள் தள்ள வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் உருட்டிவிட வேண்டும். எங்கள் ஊரோ தோசைக்கல் மாதிரி தட்டை. மழைத் தண்ணீரே எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அங்கங்கே நிற்கும். பெரிய ரோட்டை உயர்த்திப் போட்டபோது, அதிலிருந்து ஊருக்குள் பிரிகிற பாதை மட்டும் சரிவாகிவிட்டது. ஊரில் இறக்கம் என்று இருந்தது அது ஒன்றுதான். அந்த இறக்கத்தின் தலைமாட்டில் அத்தை வீடு இருந்தது.

அத்தை அய்யாவுக்கு மூத்தவள். தாய் இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு ஊட்டி வளர்த்ததே அவள்தான். கணவர் இறந்த பிறகு கருவாடு வாங்கி விற்றுக்கொண்டு தனியாக இருந்தாள். அவளோடு எங்கள் வீட்டுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் என் புதுநன்மை விருந்து. வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாக நான் முதன்முதலில் நற்கருணை வாங்கிய நாள் அது. பந்தியைக் கவனித்துக்கொண்டவள் அத்தை. அம்மாவின் பிறந்த வீட்டார் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்தபோது குழம்பில் கறி தீர்ந்துபோய் எலும்பும் உருளைக்கிழங்கும்தான் இருந்தன. அம்மா முகம் சிவந்து கேட்டதற்கு, “வாரவுக நேரத்தோட வரணும்” என்று அத்தை சொல்லிவிட்டாள். அதோடு சரி. ஒரு சட்டி ஆட்டுக்கறிக்காக இரண்டு வீடு பிரிந்தது.

அன்று சாயங்காலமே அம்மா அய்யாவிடம் சத்தியம் வாங்கினாள். இனி அக்கா வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது, அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. சத்தியத்தை என் தலையில் அடித்துத்தான் வாங்கினாள். பூமுடியைக்கூட அப்போது நான் கழற்றியிருக்கவில்லை. என் தலையைப் பணயம் வைப்பதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு பேருமே கேட்கவில்லை. பெரியவர்களுக்கு ரோஷம் வந்தால் அதைத் தாங்க ஒரு பிள்ளையின் தலை வேண்டியிருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வயதுக்கு மேல் ஆறப்போவதும் இல்லை.

செல்ஃப் கெட்டுப்போனது அதற்குச் சில மாதங்கள் கழித்து. அதிலிருந்து வண்டியை அத்தை வீட்டுக்கு நேர் எதிரே, இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு அய்யா நடந்து வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

“ஊர்ல தள்ளுறதுக்கு ஆளா இல்ல? அவ வாசல்லதான் கொண்டுபோய் நிப்பாட்டணுமா?”

“கருக்கல்ல எவனப் போயி எழுப்புறது? ஐஸ் கம்பெனியில தள்ள ஆளு கெடக்கு. இங்கன யாரு இருக்கா?” என்றார் அய்யா. “வண்டி ரோட்டுலதான நிக்குது. அவ வீட்டுக்குள்ளயா நிக்குது?”

ரோடு பஞ்சாயத்துடையது. சத்தியத்தில் ரோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அம்மா கோபத்தைப் பாத்திரங்களின் மேல் காட்டினாள்.

என் கோபத்தைக் காட்டத்தான் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வண்டிக்கு ஹேண்ட்பிரேக்கும் பிடிக்காது. உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டையைக் கொடுத்து, அதில் கயிறு கட்டியிருப்பார். அவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு குரல் கொடுத்ததும், ஓரமாக நின்று அந்தக் கயிற்றை இழுக்க ஒரு ஆள் வேண்டும். கிளீனராக இருந்தவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். அம்மா அந்தத் தெருப்பக்கமே வரமாட்டாள். மிச்சம் இருந்தது நான்தான். ஊரில் கோழிகூட எழாத நேரத்தில் “எந்திரி தாயி” என்று தோளைத் தொடுவார். கோபத்தில் போர்வையை உதறிவிட்டுக் கண்ணைத் திறக்காமலே நடப்பேன். கயிற்றை இழுத்ததும் வண்டி உருளும். பாதி இறக்கத்தில் கிளட்சை விடுவார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கறுப்புப் புகையை என் முகத்தில் கக்கிவிட்டுக் கடற்கரையைப் பார்த்து ஓடும். நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவேன். அதன் பிறகு தூக்கம் எங்கே வரும்? அது வகுப்பில் கணக்குப் பாடத்தின்போதுதான் வரும். பிள்ளைகள் எனக்கு டீசல்காரி என்று பெயர் வைத்தார்கள்.

கட்டையை இழுப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. மஞ்சள்தூள் வைத்தியம் இரவோடு இரவாகத் தோற்றுப்போய் ரேடியேட்டர் காலியாக இருக்கும். அத்தை குடத்தோடு வாசலில் நிற்பாள். அய்யா படியேற மாட்டார். அத்தைதான் ரோட்டுக்கு இறங்கி வருவாள். குடத்தை வாங்கி அவர் ஊற்றுவார். சத்தியத்துக்கு ஒரு பழுதும் இல்லை. தண்ணீர் குடித்தது வண்டிதானே, அவர் இல்லையே.

“ஏலே, போதுமா?”

“இன்னுங் கொஞ்சம் ஊத்தலாங்க்கா.”

“என்ன இருமுற?”

“பொகைதான். ஒனக்கு முழங்கால் வலி எப்பிடி இருக்கு?”

“அது கெடக்கு.”

ஊற்றும் நேரத்துக்குள் இவ்வளவுதான் பேசுவார்கள். ரேடியேட்டர் நிரம்பி வழிந்து அவர் காலை நனைக்கும். அப்போதும் இன்னும் கொஞ்சம் என்பார். இந்த மனிதருக்குக் கண் தெரியவில்லையா என்று நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

கோயில் திருவிழாவுக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ராமநாதபுரத்தில் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்தார். குடும்பத்திலேயே இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு அய்யா அதுவரை அவரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம், ஆர்மேச்சர் போய்விட்டது, அந்த மாடலுக்கு இப்போது சாமான் கிடைக்காது என்று ஏதாவது சொல்வார்.

திருவிழாவன்று பங்குச் சாமியார் ஊர் வண்டிகளுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்காகக் கழுவ வேண்டும் என்று லாரியை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் அய்யா. அன்று தள்ளிவிட ஊரே இருந்தது. கழுவி முடித்துவிட்டு அவர் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா தன் தம்பியை வண்டிக்கு அடியில் அனுப்பினாள். பக்கத்தில் நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றோடு என் தண்டனை முடிகிறது என்று மனதுக்குள் ஜெபமே சொன்னேன்.

மாமா ஒரு ஒயர்த் துண்டை எடுத்து இரண்டு இடத்தில் தொட்டுப் பார்த்தார். இன்ஜின் உறுமி ஓடத் தொடங்கிவிட்டது.

“அக்கா, மோட்டாருல ஒண்ணுமே இல்ல” என்று கீழேயிருந்து சத்தம் போட்டார். “சாவியிலருந்து வர்ற ஒயரக் கழட்டிருக்கு. டேப்பு சுத்தி மேல சொருகி வச்சிருக்கு. இது தானா கழண்டது இல்ல. ஆளு கழட்டுனது.”

நான் தலையை விட்டுப் பார்த்தேன். ஒயரின் நுனியில் கறுப்பு டேப் சுருக்கமில்லாமல் சுற்றியிருந்தது. அய்யா எதையும் அவ்வளவு பக்குவமாகக் கட்டி நான் பார்த்ததில்லை. சோப்பும் மஞ்சள்தூளும் டியூபும் தின்ற அந்த லாரி முழுவதிலும் பழுதே இல்லாத இடம் அந்த ஒன்றுதான்.

இன்ஜின் சத்தம் கேட்டு அய்யா ஈரத்துண்டோடு ஓடிவந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. மாமா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது போல. எல்லாருக்கும் புரிந்துவிட்டது, எனக்கு மட்டும் வேறு மாதிரிப் புரிந்தது.

“அப்ப என்னைய தெனமும் எழுப்புனது சும்மாவா?” என்று கத்தினேன். கட்டையைத் தூக்கி அவர் காலடியில் எறிந்தேன். அய்யா முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் அழ ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர் குனிந்து கட்டையை எடுத்து ஓரமாக வைத்தார்.

மாமா தயங்கிக்கொண்டு, “மச்சான், ஒயர மாட்டிறவா?” என்று அவரைக் கேட்டார்.

“மாட்டுறா” என்றாள் அம்மா.

மாமா மாட்டினார். இன்றைக்கு நினைத்தால் அம்மாவின் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். அந்த ஒரு நிமிடம் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்றைக்கு அவள்தான் என் கட்சி என்று நினைத்து, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளிலிருந்து வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. ஒரே திருப்பில் கிளம்பியது. நான் வெயில் ஏறும்வரை தூங்கினேன். அய்யாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஏமாற்றியவர் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கதவுக் கொண்டி கழன்று தொங்கியது. அய்யா அதைக் கட்டக்கூட இல்லை, அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்.

திருவிழா விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாள். இறக்கத்தில் ஏறிப் பெரிய ரோட்டுக்குப் போகும்போது அத்தை வாசலில் இருந்து கூப்பிட்டாள். அவளோடு பேசக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை. ஆனாலும் நின்றேன்.

“ஏத்தா, வண்டி மட்டும் போகுது வருது. இங்கன நிப்பாட்டக் காணோமே. ஒங்கய்யாவுக்கு எம்மேல எதும் கோவமா?” அவள் படியிறங்கி என் கிட்டே வந்தாள். “நான் எதும் தப்பாப் பேசிட்டனா?”

என் வயிற்றெரிச்சலைக் கேட்க வீட்டில் ஒரு ஆள் இல்லை. இவளும் என்னைப் போல ஏமாந்தவள்தானே என்று தோன்றியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“அவருக்கு என்ன கோவம்? நம்மதான் கோவப்படணும். செல்ஃபு கெட்டே போகலையாம் அத்தை. அய்யாவே ஒயரக் கழட்டி வச்சிட்டுக் கெட்டுப்போச்சுன்னு பொய் சொல்லிருக்காரு. மாமா கண்டுபிடிச்சிட்டாரு. என்னையும் தூங்கவிடல, ஒங்களையும் தெனமும் கொடம் தூக்க விட்டுட்டாரு.”

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவனேயா கழட்டுனான்?”

“ஆமா. டேப்பெல்லாம் சுத்தி.”

“மொதல்லருந்தேவா?”

“மொதல்லருந்தேதான்.”

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ சொல்லு தாயி” என்றாள்.

நான் சொல்லவில்லை. இத்தனை நாள் ஏமாந்திருக்கிறோம் என்று சொல்கிறேன், இவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டேன். இந்தக் குடும்பத்தில் ஏமாந்ததற்குக் கோபப்படத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.