ஊஞ்சல் கண்ணியும் என் கைப்பையும்

பழைய வீட்டை இடிக்கிறவர்களை ஊர் நம்பிவிடும். இடிக்காமல் கழற்றி எடுக்கிறவர்களைத்தான் நம்பாது.

நான் இரண்டாவது வகை. சிவில் படித்துவிட்டு தஞ்சாவூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது நிலை, கதவு, ஜன்னல், ஊஞ்சல் என்று உருப்படியாக இருப்பதையெல்லாம் சேதமில்லாமல் எடுத்து, சுத்தம் செய்து, அதே வீட்டில் மறுபடி பொருத்துவது எங்கள் வேலை. இதற்குக் கவனம் வேண்டும். ஆனால் ஒரு கதவை நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கழற்றுகிறீர்களோ, அந்த அளவுக்கு உங்களை யாராவது பார்த்துக்கொண்டே நிற்பார்கள். பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவர்கள், நகைக்கு மெருகு போடுகிறவர்கள், அடுத்தவர் ஃபிரிட்ஜைத் திறந்து ரிப்பேர் செய்கிறவர்கள் என்று பிறர் பொருளைத் தொட்டுப் பிழைக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

இங்கே சொல்பவை எல்லாம் ஒரே வீட்டில் நடந்தவை. பாபநாசம் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டு வீடு. சொந்தக்காரர் வசந்தா அம்மா. கணவர் இல்லை, மகள் கும்பகோணத்தில். வேலை முடியும்வரை பின்கட்டில் தங்கி எங்களைக் கண்காணித்தார். என் முதலாளி முருகேசன் சார் முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஒரு புகாரும் இல்லாம முடிச்சுக் குடு, அடுத்த சைட் முழுசா உன் பொறுப்பு. ஏதாவது காணோம்னு போன் வந்துச்சு, அன்னைக்கோட நீ நின்னுக்கலாம்." எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றே என்னோடுதான் வந்தது. அதனால் அந்த வீட்டில் ஆணி கீழே விழுந்தாலும் எடுத்து வசந்தா அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

பை மாட்டும் முளை

முதல் நாள் நேர்காணல் வாசலிலேயே நடந்தது. "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். "ரெண்டு ஊர் தள்ளித்தானே. அங்க எந்தப் பக்கம்?" "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்." "அப்பா?" "வயல் வேலைக்குப் போறாரு." "யாரு வயலுக்கு?" "யாரு கூப்பிட்டாலும் போவாரு." வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொண்டு காப்பாற்றும் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது.

என் கைப்பையைப் பார்த்தார். "தப்பா நினைக்காதே. படிச்ச பொண்ணு. ஆனா பை உள்ள வரவேணாம், அந்த முளையில மாட்டிட்டுப் போ" என்று வாசல் சுவரில் இருந்த மரமுளையைக் காட்டினார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தெருவே பார்க்கும் இடத்தில் தொங்குகிற பையில் எதை ஒளித்துவைக்க முடியும்? சாயங்காலம் கிளம்பும்போது நானே பையைத் திறந்து காட்டினேன். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், அளவு டேப், ஒரு குடை. எட்டிப் பார்த்தவர் முகம் இன்னும் இறுகியது.

"உள்ள ஒண்ணுமே இல்லையே. அப்புறம் எதுக்கு உனக்கு இவ்வளவு பெரிய பை?"

நிலைக்குக் கீழே

வாசல் நிலை நல்ல தேக்கு. அதை அப்படியே பெயர்த்தால் மூட்டுகள் பிளந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் சாக்பீஸால் எண் போட்டு, போட்டோ எடுத்து, ஆசாரி கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார். பக்கத்துத் தெருவில் அதே வாரம் ஒரு வீட்டை ஜேசிபி வைத்து மத்தியானத்துக்குள் தரைமட்டமாக்கினார்கள். அங்கே நிற்க ஓர் ஆள் இல்லை. எங்கள் வாசலில், எதிர் டீக்கடைக் கூட்டம் மொத்தமும் கிளாஸோடு வந்து நின்றது. இவ்வளவு பதமாக எடுக்கிறார்கள் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

உண்மையிலேயே இருந்தது. நிலை வைக்கும்போது அடியில் காசு போடுவது வழக்கம் அல்லவா? பச்சை பிடித்த ஒரு செம்புக்காசும், தொட்டால் உதிர்கிற ஒரு மஞ்சள் துணியும் கிடைத்தன. அதைக் கையில்கூட எடுக்காமல் போட்டோ எடுத்து, வசந்தா அம்மாவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அவரையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இதைவிட நேர்மையாக எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"செம்புக்காசையே போட்டோ புடிச்சுக் குடுக்குற பொண்ணுன்னா, தங்கக்காசை என்ன பண்ணியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

அலமாரியில் பெய்த நெல்

கூடத்தில் ஒரு பத்தாயம் இருந்தது. நெல் கொட்டிவைக்கிற மரப்பெட்டகம். ஆள் இறங்கி நின்றால் தலை தெரியாது. வயலைக் குத்தகைக்கு விட்டபிறகு அதில் பழைய பாயும் தலையணையும்தான் கிடந்தன. பலகைகள் மட்டும் உறுதி. அவற்றைப் பிரித்துச் சமையலறை அலமாரிகளாக மாற்றலாம் என்றது நான்தான். ஆசாரி அருமையாகச் செய்துகொடுத்தார். மறுநாள் காலையில் வசந்தா அம்மா அலமாரிக் கதவைத் திறந்தார், சாம்பார்ப் பொடி டப்பாவின்மேல் பொலபொலவென்று நெல் கொட்டியது. பலகைகளின் பள்ளங்களில் அடைந்து கிடந்தது. எவ்வளவு தட்டியும் திறக்கும்போதெல்லாம் நாலு நெல்மணி விழுந்தபடியே இருந்தது.

புழுவா, செல்லரிப்பா என்று கேட்பார் என நினைத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒரு நெல்லை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது எங்க நெல்லே இல்ல. நாங்க சன்ன ரகம்தான் சாப்பிடுவோம். இது குண்டு நெல்லு. பலகைய மாத்திட்டியா?" என்றார். பலகைகளில் என் சாக்பீஸ் எண் இன்னும் இருந்தது, அதைக் காட்டினேன். அது அவர் கண்ணில் ஏறவில்லை. வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "பத்தாயத்துல கடைசி அறைப் பலகைம்மா இது. ஆளுங்களுக்குக் கூலி அளக்கக் குண்டு நெல்லைத் தனியா போட்டு வெச்சிருப்பீங்க. அந்த நெல்லு." அவர் கையில் இருந்த நெல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"எங்க வீட்டுப் பத்தாயத்துல எந்த அறையில என்ன இருந்துச்சுன்னு உங்க வீட்ல பேசிக்குவீங்களா?"

உள்ளே வந்த ஜன்னல்

மாடியில் ஒரு சின்ன ஜன்னல் கதவு பாதி மக்கிப்போயிருந்தது. மறுபடி பொருத்த முடியாது. விறகுக் குவியலில் போடச் சொன்னார் வசந்தா அம்மா. எங்கள் வீட்டுக் குளியலறைத் திறப்புக்கு அம்மா சாக்குத்தான் கட்டியிருந்தார். மக்கிய பகுதியை அறுத்துவிட்டால் மிச்சம் சரியாக இருக்கும் என்று தோன்றியது. முருகேசன் சாரிடம் கேட்டேன். வசந்தா அம்மாவிடமும் கேட்டேன். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றார். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

அப்பா அதை வாசலைத் தாண்ட விடவில்லை. "கேட்டுத்தான் எடுத்தியா?" என்றார். "கேட்டுத்தான்ப்பா." "யாராவது பக்கத்துல இருந்தாங்களா, நீ கேட்டப்போ?" யாரும் இல்லை. "அப்ப கொண்டு போயி வெச்சுடு. அந்த வீட்டு மரம் நம்ம அடுப்புல எரிஞ்சாக்கூட பேரு வேற மாதிரி வரும்." இத்தனைக்கும் அப்பா அந்த வீட்டுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. மறுநாள் அதே பஸ், அதே மடி. வாசலில் நுழையும்போது வசந்தா அம்மா எதிரே வந்தார். ஜன்னலைப் பார்த்தார், முளையில் இன்னும் மாட்டப்படாத பையைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"வெளிய கொண்டு போறவங்களப் பாத்திருக்கேன். உள்ள கொண்டாந்து வெக்கிறவள இப்பத்தான் பாக்குறேன். எதுக்கு அடி போடுற?"

சாய்ந்த ஊஞ்சல்

எல்லாம் முடிந்து கடைசியாக ஊஞ்சல். பித்தளைச் சங்கிலிகளைப் புளி போட்டுத் தேய்த்து, பழைய கொக்கிகளிலேயே மாட்டினோம். வசந்தா அம்மா நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஏன் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது?" என்றார். தூக்கிக்கொண்டுதான் நின்றது. இடது பக்கச் சங்கிலி மேலே பூ வேலை செய்த ஒரு பெரிய கண்ணியில் தொங்கியது. வலது பக்கத்தில் அந்தக் கண்ணி இல்லை. "எங்க அது?" என்றார்.

கழற்றுவதற்கு முன் எடுத்த போட்டோவைக் காட்டினேன். அதிலும் வலது பக்கம் கண்ணி இல்லை. "இப்பல்லாம் போன்ல ஆளையே அழிச்சிடுறாங்க. ஒரு கண்ணிய அழிக்க முடியாதா?" என்றார். பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பழைய தரை வலது பக்கம் மேடு, இடது பக்கம் அமுங்கல். ஊஞ்சலும் அந்தச் சாய்வுக்குச் சமமாகத் தொங்கியதால் யார் கண்ணுக்கும் கோணல் தெரியவில்லை. இப்போது நாங்கள் தரையை மட்டமாக்கிவிட்டோம். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்து இதை விளக்கினேன். "அப்ப நாங்க பொறந்து வளர்ந்ததெல்லாம் சாஞ்ச வீட்லயா?" என்று கேட்டுவிட்டு நேராகப் போய் முருகேசன் சாருக்குப் போன் செய்தார். அவர் வந்தார், பார்த்தார், அவருக்கும் தரை விஷயம் புரிந்தது. ஆனால் கண்ணி எங்கே என்பதற்கு அது பதில் இல்லையே. நாளை சாயங்காலம்வரை பார்ப்போம் என்று அம்மாவிடம் தவணை வாங்கினார். என்னைத் தனியே அழைத்தார்.

"நீ எடுத்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா. எதுக்கும் உங்க வீட்ல ஒரு தடவை தேடிப் பாத்துடேன்."

கொல்லைக் கதவு

மறுநாள் முருகேசன் சாரும் கூட நிற்க, மண்குவியல், ஓட்டுக்குவியல், விறகு எல்லாவற்றையும் கிளறினோம். அடுத்த சைட்டை விடுங்கள், இந்த வேலையே போய்விட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் மனம் ஓடியது. ஜன்னல் கதவையே திருப்பி அனுப்பிய மனிதர். மத்தியானம் கை கழுவக் கொல்லைக்குப் போனேன். திரும்பி வந்து கொல்லைக் கதவைச் சாத்தும்போது, பூட்டு மாட்டும் வளையத்தில் கை பட்டது. கதவோடு சேர்த்துப் பச்சை பெயின்ட் அடித்த வளையம். அடிக்கச் சொன்னதே நான்தான். பூட்டு உரசும் இடத்தில் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். பூ வேலை.

கழற்றவில்லை. தொட்டால் நான்தான் கொண்டுவந்து மாட்டினேன் என்றாகிவிடும் என்று பயந்து, அங்கே நின்றபடியே "அம்மா!" என்று கத்தினேன். வசந்தா அம்மா, ஆசாரி, முருகேசன் சார் மூவரும் வந்தார்கள். ஆசாரி கத்தியால் சுரண்டச் சுரண்டப் பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி, அதற்கும் அடியில் பித்தளை. வசந்தா அம்மா அதை விரலால் தடவினார். "எங்க அப்பா வேலை இது. தரை அமுங்கினப்போ ஊஞ்சல சரி பண்ணக் கழட்டியிருப்பாரு. கழட்டினதைத் தூக்கிப் போட மனசு வந்திருக்காது" என்றார். அடுத்த மூச்சில் என் பக்கம் திரும்பி, "ஆமா, இவ்வளவு பேரு தேடினோம். உனக்கு மட்டும் எப்படிக் கெடச்சுது?" என்றார்.

கண்ணியை வலது பக்கம் சேர்த்து மாட்டினோம். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. வசந்தா அம்மா உட்கார்ந்து ஆடிப் பார்த்து, "இப்பத்தான் சாஞ்சிருக்கற மாதிரி இருக்கு" என்றார். நான் முளையில் இருந்து பையை எடுத்துத் திறந்து காட்டக் காத்திருந்தேன். அவர் அதைப் பார்க்காமல் முருகேசன் சாரிடம், கும்பகோணத்தில் மகள் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறாள், அந்த வேலைக்கு இந்தப் பெண்ணைத்தான் அனுப்ப வேண்டும் என்றார். சாருக்கு ஆச்சரியம். "அவ்வளவு நம்பிக்கை வந்துடுச்சாம்மா?" என்று சிரித்தார். வசந்தா அம்மா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

"நம்பிக்கைன்னு யாரு சொன்னா? இவளையாவது முழுசா சோதிச்சு முடிச்சிருக்கேன். இனிமே புதுசா ஒருத்திய மொதல்லேருந்து சந்தேகப்பட என் உடம்புல தெம்பு இல்ல."

ஆக, ஒரு பழைய வீட்டிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தக்கூடியவை நிலை, கதவு, ஊஞ்சல் மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, என்மேல் இருந்த சந்தேகத்தையும் சேதமில்லாமல் கழற்றிக் கும்பகோணத்து வீட்டில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்.