பெரியவனுக்கு மூச்சு வாங்குகிறது

அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கைப்பை இன்னும் தோளில் தொங்குகிறது. குளிருக்குப் போடும் பழுப்புக் கம்பளிச் சட்டையின் ஒரு கை மட்டும் மாட்டியிருக்கிறது. காலையில் இயந்திர அறைக்குள் வந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்பே இப்படி நின்று விசிறிகளின் இரைச்சலைக் கேட்பார். நம் காதுக்கு அது ஒரே இரைச்சல். அவர் காதுக்கு மூன்று பேர்.

"பெரியவன் நல்லா தூங்கியிருக்கான். நடுவுலவன் வழக்கம்போல முனகுறான். சின்னவன் இருக்கிற இடமே தெரியல, சமத்து."

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் கம்பளியின் மறு கையை மாட்டுவார்.

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் மெஷின் அக்கா. புற்றுநோய்ப் பிரிவின் கணினிகள் அவர் பொறுப்பு. மருமகளுக்கு என்ன வேலை என்று கேட்ட உறவினரிடம் அவருடைய மாமியார், "சர்வர் பாத்துக்கிறா" என்று சொல்ல, "எந்த ஹோட்டல்ல?" என்று கேட்டார்களாம். "அதுவும் சரிதான் சார். கேட்டவங்களுக்குக் கேட்டத எடுத்துக் கொடுக்கிறதுதானே பெரியவன் வேலை" என்கிறார்.

பெரியவன் எடுத்துக் கொடுப்பது கதிர்வீச்சுக் கணக்கை. ஒவ்வொரு நோயாளிக்கும் கதிர் எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம், எத்தனை ஆழத்துக்குப் போக வேண்டும் என்று மருத்துவர்கள் போட்ட கணக்கு முழுவதும் அவனிடம் இருக்கிறது. நடுவுலவன் ரசீதுக் கணக்கோடு சரி. சின்னவன், இரண்டு செங்கலை அடுக்கிய அளவில் ஒரு பெட்டி. பெரியவனிடம் இருப்பதன் நகலை இரவுதோறும் வாங்கி வைத்துக்கொள்வான்.

அடுத்த அறையில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகும் அவற்றுக்காக நான் அங்கே போய் வருவதால் அம்மையாரின் வழக்கங்கள் எனக்குப் பழகிவிட்டன. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார மாட்டார். சாப்பாடு நின்றுகொண்டே. அறையில் ஓடும் ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் சீட்டு ஒட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதியிருப்பார். சமையல்காரர் ஒருவர் பெயர் எழுதாத சீசாவைப் பார்ப்பதுபோலத்தான் அவர் சீட்டில்லாத ஒயரைப் பார்ப்பார். மதியம் கணவருக்குப் போன் போவது தவறாது. "அயர்ன் பாக்ஸ் அமத்திட்டீங்க, சரி. பிளக்கப் புடுங்கினீங்களா? போய்ப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்." அந்த மனிதரும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வேறு வழியில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, கண்ணை மூடி நின்றவர் சட்டென்று திறந்தார். "பெரியவனுக்கு மூச்சு வாங்குது சார். வேலையே இன்னும் ஆரம்பிக்கல, எதுக்கு ஓடுறான்?"

கைப்பையைத் தரையில் போட்டுவிட்டுத் திரைக்கு முன் குனிந்தார். நோயாளிகளின் கணக்குகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிக்கொண்டிருந்தன. பெயருக்குப் பின்னால் யாருக்கும் புரியாத எழுத்துகள் வாலாக முளைத்தன. வெளியிலிருந்து எவனோ ஒயர் வழியாக உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தான். முழுவதும் பூட்டிவிட்டால் பிறகு சாவிக்கு அவன் வைத்ததுதான் விலை.

உடனே கதிர் அறைக்குப் போன் போட்டார். அங்கே வேலை பார்க்கும் பெண் எடுத்தாள்.

"மேசையில ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்கக்கா. பாதி ஆயிருக்கு."

"அவங்க கணக்கு உன் மெஷினுக்கு வந்தாச்சுல்ல, அது பாட்டுக்கு முடியும். எவ்வளவு போச்சுன்னு நீ கையால எழுதி வை. நான் லைன அறுக்கிறேன்."

"ரெண்டு நிமிஷம் பொறுங்கக்கா, பதிவாகட்டும்."

"ரெண்டு நிமிஷத்துல அவன் வீட்டையே தொடச்சிட்டுப் போயிடுவான்மா. எழுது."

பெரியவனிடமிருந்து மற்ற கணினிகளுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார். விசைப்பலகையில் எதையோ தட்டி, உள்ளே நடந்துகொண்டிருந்த களவைப் பாதியில் அப்படியே உறைய வைத்தார். பிறகு என்னிடம், "சார், நீங்க ஒரு தாள் எடுங்க. நான் என்ன செஞ்சாலும் சொல்றேன், எழுதிக்கிட்டே வாங்க. எனக்கு அப்புறம் ஞாபகம் இருக்காது" என்றார்.

அதற்குள் நிர்வாகி வந்துவிட்டார். வந்த வேகத்தில் பெரியவனின் மின் பொத்தானுக்குக் கையை நீட்டினார். அம்மையார் குறுக்கே போய் நின்றார்.

"கை வைக்காதீங்க சார்."

"ஏம்மா, திருடன் உள்ள இருக்கான்ற. அணைக்க வேண்டாமா?"

"அணைச்சா அவன் கையில இருக்கிற சாவியும் சேர்ந்து அழிஞ்சிடலாம். எந்த வழியா வந்தான், எதெல்லாம் தொட்டான், ஒரு தடயமும் மிஞ்சாது. ஆள உள்ள வச்சுக் கதவச் சாத்தியாச்சு. வீட்டக் கொளுத்த வேண்டாம்."

"வீட்டுல ஸ்விட்ச அமத்தினா போதாதுன்னு புருஷன அந்தப் பாடு படுத்துற. இங்க அமத்தவே கூடாதுன்ற."

"அது அயர்ன் பாக்ஸ் சார்."

வெளிக் கூடத்தில் நோயாளிகள் சேர ஆரம்பித்திருந்தார்கள். முதல் வரிசையில் லாரி ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. ஓட்டுநரின் கழுத்தில், கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்டும் நீல மைக் கோடுகள். அழியக் கூடாது என்று சொல்லியிருப்பதால் சட்டைக் காலர் படாமல் நிமிர்ந்தே உட்கார்வார். பாதி சிகிச்சை முடிந்திருந்தது. நடுவில் நாள் கணக்கில் நின்றுபோனால் அதுவரை பட்ட பாட்டுக்குப் பலன் குறையும். கணக்கு தொலைந்துபோனால் படம் எடுப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் இதே கதை.

திறந்திருந்த கதவு வழியாக ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, இன்னிக்குக் கடை தொறக்குமா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

"வழி தெரியலன்னா சொல்லு. மேப்பு என் கழுத்துலயே இருக்கு."

"சும்மா வாங்க. உங்க வாய்க்குத்தான் இந்த நோவு வந்திருக்கு" என்று மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அம்மையாருக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவனின் முதுகுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அங்கே ஒரு சின்னப் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. குனிந்து கையை விட்டுத் தடவினார். ஒரு மஞ்சள் ஒயர் வந்தது. அதில் சீட்டு இல்லை. மறு முனை சின்னவனின் முதுகில் செருகியிருந்தது.

இரண்டு முனையையும் ஒரே இழுப்பில் பிடுங்கினார்.

"இது என்ன ஒயரு?" என்றார் நிர்வாகி.

"நான் போட்டது சார். நகல் எடுக்கிறது மந்தமா இருந்துச்சுன்னு போன மாசம் நேரா ஒண்ணு இழுத்தேன். மறுநாளே எடுத்துடலாம்னு இருந்தேன்."

"சீட்டு ஒட்டாம நீ ஒண்ணும் விட மாட்டியேம்மா."

"ரெண்டு நாள் ஒயருக்கு ஒட்ட மாட்டேன் சார். ஒட்டிட்டா அது அங்கயே தங்கிடும்னு எனக்கு ஒரு நெனப்பு."

திருடன் அந்த ஒயர் வழியாகச் சின்னவனிடமும் போயிருந்தால் பூட்டப்படாத கணக்கு என்று எதுவும் மிஞ்சாமல் போயிருக்கலாம். 'மஞ்சள் ஒயர் ஒன்று அகற்றப்பட்டது' என்று நான் எழுதியதை அவர் எட்டிப் பார்த்தார்.

"யார் போட்டதுன்னு எழுதுங்க சார்."

"அது இப்ப எதுக்கும்மா" என்றார் நிர்வாகி.

"நாளைக்கு ஆராய வர்றவங்க இந்த ஒயர் எப்படி வந்துச்சுன்னு திருடன் பின்னால அலைவாங்க. எழுதுங்க சார்."

எழுதினேன்.

சின்னவனைத் தூக்கித் தரையில் வைத்து, தானும் தரையிலேயே உட்கார்ந்து, ஒரு சிறு திரையை அதில் மாட்டினார். ஒயர் செருகியிருந்த வெற்றுத் துளையை இடது கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டார். வலது கையால் நகல்களைப் புரட்டத் தொடங்கினார். முதல் பெயருக்கு வால் இருந்தது. அடுத்ததற்கும். அதற்கு அடுத்ததற்கும். நிர்வாகி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எல்லாம் சிகிச்சை முடிந்து போனவர்களின் பழைய கணக்குகள். திருடன் பழையதிலிருந்து தொடங்கியிருந்தான். அம்மையாரின் விரல் புரட்டிக்கொண்டே போயிற்று. வால், வால், வால்.

பிறகு வால் இல்லாத ஒரு பெயர்.

அவர் நிறுத்தவில்லை. அடுத்தது சுத்தம். அதற்கடுத்ததும். இந்த ஆண்டுக் கணக்குகளுக்கு வந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடினார். லாரி ஓட்டுநருடையது திறந்தது. கழுத்துப் படம், கோணங்கள், நேரம், எல்லாம் இருந்தன.

"இருக்கு சார். இப்ப வந்துக்கிட்டிருக்கிறவங்க எல்லாரும் இருக்காங்க. இன்னிக்கு முடியாது. சுத்தமான மெஷின் ஒண்ணு ஏத்தணும். நாளைக்கு இல்லன்னா மறுநாள் ஆரம்பிச்சிடலாம்னு சொல்லுங்க."

நிர்வாகி கூடத்துக்கு ஓடினார். அங்கே ஒரு சலசலப்பு எழுந்தது. ஓட்டுநர் ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

நான் தாளை மடிக்கப் போனேன். அம்மையார் இன்னும் தரையில்தான் இருந்தார். மஞ்சள் ஒயர் அறையின் மறு மூலையில் கிடந்தது. அந்தத் துளை வழியாக இனி எவனும் வர முடியாது என்பதை அந்தக் கட்டடத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

"விரல எடுக்கலாமேம்மா" என்றேன்.

"எடுக்கிறேன் சார்" என்றார். நகம் வெளுக்கும்படி இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.