தராசுக்காரர் மாட்டிய பவர் மீட்டர்

அவருக்கு ஊர் வைத்த பெயர் தராசு. கடைகளில் இருக்கும் எடை இயந்திரங்கள் ஒழுங்காக நிறுக்கின்றனவா என்று பரிசோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலைதான். தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் போதும், காய்கறிக் கடைக்காரர் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கறிக்கடைக்காரருக்கு அன்றைக்குப் பார்த்து அவசரமாக வெளியே போக வேண்டியிருக்கும். ஒரு தடவை தட்டின் அடியில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைச் சுரண்டி எடுத்து, அதையும் நிறுத்துப் பார்த்து, "இரண்டு கிராம். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் இரண்டு கிராம். யோசிச்சுப் பாருங்க," என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தவர். மனிதர் கெட்டவர் இல்லை. அளவு என்று வந்துவிட்டால் மட்டும் விடாக்கண்டன்.

அவருடைய மனைவிக்குத் தபால் கொடுக்கும் வேலை. பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிற சுகமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஒதுக்கியிருந்த பகுதி முழுக்கப் பழைய குடியிருப்புகள், நாலு மாடி, ஐந்து மாடி, ஒன்றில்கூட லிஃப்ட் கிடையாது. கையெழுத்து வாங்கும் தபால் என்றால் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். தோளில் பையோடு பதினாறு வருஷமாக ஏறி இறங்குகிறாள். இதைக் கேட்டதும் உங்களுக்கு ஏதோ பொறி தட்டுகிறது அல்லவா? அவருக்குத் தட்டவில்லை. கூடவே குடும்பம் நடத்துகிறவருக்குத் தட்டவில்லை!

இருவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு மவுண்டன் பைக் வாங்கினார்கள். ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைக்கு ஞாயிறுதோறும் போவார்கள். பாதை ஒற்றையடிப் பாதை. அவர் முன்னால், அவள் பின்னால். ஏன் அப்படி என்று இருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை. முதல் நாள் அவர் முன்னால் போனார், அதுவே சட்டமாகிவிட்டது. உச்சிக்குப் போனதும் அவர் மூச்சு வாங்கியபடி பாறையில் சாய்வார். அவள் சாதாரணமாக இறங்கி நின்று, பாட்டிலைத் திறந்து கொடுப்பாள்.

"பார்த்தியா, உனக்கு மூச்சே வாங்கலை. நான் உனக்காக மெதுவா வர்றேன்ல, அதான்," என்பார் அவர். அவளும் நம்பினாள். அவர் சொன்னால் அளவு சரியாக இருக்கும் என்றுதானே ஊரே நம்புகிறது.

சைக்கிள் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை ஜோடிப் போட்டி வைக்கும். இரண்டு பேராக ஏற வேண்டும், இரண்டாவதாக வந்து சேருகிறவரின் நேரம்தான் ஜோடியின் நேரம். மூன்று வருஷம் கலந்துகொண்டார்கள். மூன்று வருஷமும் கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவர்கள் வழி தவறிப் போனவர்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்த வருஷம் போட்டிக்கு முன்னால் நடந்த சங்கக் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் அவரைச் சீண்டினார். "என்ன சார், இந்தத் தடவையாவது மேல வருவீங்களா?" இவர் வாய் சும்மா இருக்குமா? "நான் என்ன சார் பண்றது? வீட்டுக்காரியை இழுத்துக்கிட்டுல ஏற வேண்டியிருக்கு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீ எடுக்கப் போன மனைவி இரண்டு கப்போடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் நிம்மதியாக டீ குடித்தார் பாருங்கள், அந்த இடத்தில்தான் யாருக்கும் கோபம் வரும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் நான் வரலைங்க. நீங்க அந்த மருந்துக்கடைக்காரரோட சேர்ந்துக்கோங்க. எனக்கும் முட்டி வலிக்குது."

"முட்டி வலியா? எப்போலேர்ந்து?"

"இப்போலேர்ந்துதான்."

ஞாயிற்றுக்கிழமைகளில்கூட இனி வரப்போவதில்லை என்றும், சைக்கிளை யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னாள். பெயர் கொடுக்க அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி. அவருக்குத் திக்கென்றது. அவள் இல்லாமல் மலையா? ஆனால் அதைச் சொல்லாமல், "உன் இஷ்டம்," என்றார். சில ஆண்களுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் கைவசம்.

மருந்துக்கடைக்காரரிடம் பேசினார். அந்த ஆள் உடனே, "சேர்ந்துக்கலாம் சார். நான் இருநூத்திப் பத்து வாட்ஸ். நீங்க எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார். வாட்ஸ் என்றால், ஒருவர் பெடலை எவ்வளவு பலமாக மிதிக்கிறார் என்ற அளவு. அதைக் காட்ட ஒரு கருவி இருக்கிறது, பவர் மீட்டர். ஊரையே அளக்கிறவரிடம் தன் அளவு கைவசம் இல்லை! மானப் பிரச்சினையாகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்தது.

சனிக்கிழமை காலை கூடத்தில் பழைய போர்வையை விரித்து, சைக்கிளை நிறுத்தி, ஸ்பேனர், அல்லன் கீ, கிரீஸ் டப்பா எல்லாவற்றையும் உயர வரிசையில் அடுக்கினார். அந்த மீட்டர் இடது பக்கத்துக் கிராங்கிலேயே பதித்து வருவது. கிராங்க் என்பது பெடலைத் தாங்கும் இரும்புக் கை. பழைய கையைக் கழற்றிவிட்டுப் புதிய கையை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முதலில் பெடலைக் கழற்ற வேண்டும். ஸ்பேனரைப் போட்டு ஒரு கை பார்த்தார். அசையவில்லை. காலால் மிதித்தார். முகம் தக்காளியாகச் சிவந்தது.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கூட வந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழாம். நீங்க அதை இறுக்கிக்கிட்டிருக்கீங்க."

"தெரியும். அது எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு பார்த்தேன்."

"கால் மணி நேரமாவா?"

மறுபக்கம் திருப்பினார். தொட்டதும் கழன்று வந்தது. அதற்குப் பிறகு மனிதர் வேலையில் குறை சொல்ல முடியாது. கிராங்கின் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றித் தளர்த்தினார். அச்சைத் துணியால் துடைத்து, கிரீஸை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவினார். புதிய கையைப் பொருத்தி, சைக்கிள் சட்டத்தில் உரசாமல் சுழல்கிறதா என்று ஒரு விசிட்டிங் கார்டை இடுக்கில் விட்டுப் பார்த்தார். அச்சின் முனையில் வரும் மூடியை விரலால் மட்டும் திருகினார். போல்ட்டுகளை எவ்வளவு இறுக்கம் என்று காகிதத்தில் போட்டிருந்ததோ அதே அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கினார். கடைசியில் பெடலைக் கீழே தொங்கவிட்டு, யாரும் தொடாமல், மீட்டரைப் பூஜ்யத்தில் நிறுத்தினார். கைப்பிடியில் இருந்த சின்னத் திரையில் பூஜ்யம் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அடேயப்பா!

சாயங்காலமே தண்ணீர்த் தொட்டி மேட்டுச் சாலையில் உயிரைக் கொடுத்து ஏறினார். பதினான்கு நிமிடம். சராசரி நூற்று ஐம்பத்திரண்டு.

"மெஷின் கோளாறு," என்றார் வீட்டுக்குள் நுழையும்போதே.

இதே வார்த்தையைத்தான் இருபத்திரண்டு வருஷமாகக் கடைக்காரர்கள் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு காலை முதல் வேலையாக, கீழே இருந்த இரும்புக் கடைக்குப் போய், தானே முத்திரை வைத்த பத்துக் கிலோ எடைக்கல்லைக் கேட்டார். கடைக்காரர் வெலவெலத்துப்போய், "சார், அது சரியாத்தான் இருக்கு சார்!" என்றார். "எனக்குத் தெரியாதா? அதனாலதான் கேட்கிறேன்," என்று தூக்கிக்கொண்டு வந்தார். பெடலைக் கிடைமட்டமாக நிறுத்தி, கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். கிராங்கின் நீளம் நூற்று எழுபது மில்லிமீட்டர். காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். திரை காட்டிய எண்ணும் காகிதத்தின் எண்ணும் அச்சு அசலாக ஒன்று. மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் ஒன்று.

ஆனாலும் விடுவாரா? காகிதத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்தார். மீட்டர் இடது காலை மட்டும் அளக்கும், அதை இரண்டால் பெருக்கிக் காட்டும். "அப்படிச் சொல்லு! என் பலமெல்லாம் வலது கால்லதான் இருக்கு," என்றார்.

"தின்ன பரோட்டாவெல்லாம் அந்தக் காலுக்கே போயிடுச்சாக்கும்... சரி விடுங்க, ஒண்ணும் சொல்லலை," என்று மனைவி உள்ளே போகப் பார்த்தாள்.

"நில்லு. ஒரே மேடு, ஒரே சைக்கிள், வேற ஆள். ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் மெஷின் லட்சணம் தெரியும். நீ ஒரு தடவை ஏறு."

"நான்தான் வரலைன்னேனே."

"மலைக்கு இல்லை. இது சோதனை."

சோதனை என்றதும் முட்டி வலியைக்கூட மறந்து கிளம்பினாள், பாவம். அவர் இருக்கையை அவளுக்காகத் தாழ்த்தினார். திரையின் மேல் காகிதத்தை ஒட்டினார். எண்ணைப் பார்த்தால் ஓட்டுகிறவர் மாற்றி ஓட்டுவார், அது அவருடைய தொழில் விதி. அவள் சைக்கிளில் அவர் முதலில் மேலே போய்ச் சேர்ந்துவிட்டு, போன் செய்தார். "இப்போ கிளம்பு. வழக்கமா எப்படி வருவியோ அப்படியே வா."

எப்படியும் பதினெட்டு நிமிடம் ஆகும் என்று நினைத்து, சுவரில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் வந்து நின்றாள். "எதிர்ல ஒரு நாய்க்குட்டி வந்துச்சுங்க, என்ன அழகு தெரியுமா?" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இறங்கினாள். அவர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார்.

நூற்று எழுபத்தொன்று. அவரைவிட இருபது கிலோ எடை குறைந்தவள், வழக்கம் போல வந்து, நாய்க்குட்டியை ரசித்துக்கொண்டு, நூற்று எழுபத்தொன்று.

"என்னங்க, மெஷின் சரியா இருக்கா?"

"பார்க்கணும்," என்று மென்று முழுங்கினார்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. அவர் வேலைக்குப் போனார், ஆனால் வேலை ஓடவில்லை. புதன்கிழமை ஒரு கடையில், வாங்குகிறவருக்கு எண் தெரியாதபடி திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தார். வழக்கமாக அங்கே அரை மணி நேரம் பிரசங்கம் நடக்கும். அன்று "திருப்பி வைங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சீருடையைக்கூட மாற்றாமல் போனை எடுத்துச் சங்கத்துக்குச் செய்தி அடிக்க உட்கார்ந்தாள். "நான் விலகிக்கிறேன்னு போட்டுடறேங்க. உங்க பேரையும் மருந்துக்கடைக்காரர் பேரையும் சேர்த்து அனுப்பிடவா?"

"அனுப்பாதே."

"ஏன்?"

"நான் நூத்தி ஐம்பத்திரண்டு. நீ நூத்தி எழுபத்தொன்னு. நேரம் நான் பதினாலு, நீ பத்துக்கும் கீழே." ஒரே மூச்சில் கொட்டினார். "மெஷின் சரியாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமையே தெரியும்."

அவள் போனைக் கீழே வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று அவர் நினைத்தார். ஆனால் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு வருஷமா உங்க பின்னாடி புழுதியைத் தின்னுக்கிட்டு வந்தேன். போட்டி முடிஞ்சதும் ஒவ்வொரு தடவையும், என்னாலதான் தோத்தோம், மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். நீங்களும் பரவாயில்லைன்னு பெரிய மனசு பண்ணினீங்க." மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் ஏதோ நினைத்தவளாக, குரல் இறங்கி, "ஏங்க, அப்போ எனக்கு மூச்சு வாங்காததெல்லாம் நீங்க மெதுவா வந்ததால இல்லையா? அது என் சொந்த பலமா?" என்று கேட்டாள்.

"உன்னோடதுதான்," என்றார். "எல்லாம் உன்னோடதுதான். நான்தான் வழியை அடைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அதைக் கழற்றி என் சைக்கிள்ல மாட்டுங்க."

"எதை?"

"அந்த மீட்டரைத்தான். பெடலை எந்தப் பக்கம் திருப்பணும்னு ஞாபகம் இருக்குல்ல?"

மறுபடியும் போர்வை விரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்து மாட்டினார், அவள் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். "கிரீஸ் அதிகம்," என்றாள். அதிகம் இல்லை. ஆனாலும் துடைத்தார். செய்தியில் அவள் பெயர் முதலில் போனது, அவர் பெயர் இரண்டாவதாக. "நான் முன்னாடி போவேன், திரும்பிப் பார்க்க மாட்டேன்," என்று சொல்லியும் விட்டாள்.

போட்டியன்று முதல் வளைவில் அவள் முதுகு தெரிந்தது. இரண்டாவது வளைவில் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் வேறு ஜோடியோடு அவரைத் தாண்டும்போது, "வீட்டம்மா எங்க சார்?" என்று கேட்டார். "மேல. என்னைவிட அவளுக்குத்தான் சார் பலம். நான்தான் அவளை இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்," என்று மூச்சிரைக்க, எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார். அவருடைய நேரம்தானே கணக்கு, அதனால் அதே கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைக்கப் போகிறது என்பது அவருக்குப் பாதி மலையிலேயே தெரிந்துவிட்டது.

ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அவள் தரையில் மல்லாந்து கிடந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. அவர் பதறிப்போய் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். "என்ன ஆச்சு? முட்டியா?"

அவளால் பேச முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினாள். சிரிப்பு வேறு வந்து பேச்சைத் தடுத்தது.

"வாங்குதுங்க," என்றாள் கடைசியில். "எனக்கு மூச்சு வாங்குது!"