கிழக்கு பார்த்து நின்ற வேன்

கிர்... கிர்... கிர்ர்ர்...

மார்கழி விடியலில், ஈர வாசலில் குனிந்து நான் கோலத்தை முடிக்கும்போது பக்கத்தில் எங்கள் வேன் இப்படித்தான் இருமிக்கொண்டிருக்கும். இருபது வருஷம் ஆகியிருக்கும். இன்றைக்கும் கோலப்பொடியைக் கையில் எடுத்தால் அந்தச் சத்தம் காதுக்குள் கேட்கிறது.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு என் வீட்டுக்காரர் வேன் ஓட்டினார். தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆறு மணி ஷிப்டுக்கு மில் கேட்டில் நிற்க வேண்டும். அந்த ஒரு டிரிப்பை நம்பித்தான் எங்கள் குடும்பம்.

அந்த மார்கழியில் வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. வெந்நீர் ஊற்றி, மாற்றி மாற்றி செல்ப் அடித்து, இருபது நிமிஷம் கழித்துத்தான் உயிர் வரும். மில் சூப்பர்வைசர் நேராகவே சொல்லிவிட்டார், "இன்னொரு நாள் லேட்டாச்சுன்னா வேற வண்டி பாத்துக்கிடுவோம்."

எதிர்வீட்டு அக்காவுக்கு இது தினம் ஒரு வேடிக்கை. "ஏட்டி, சாமிக்கு அம்புட்டு பூ வைக்கியே... வண்டிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போடக் கூடாதா?"

ஒரு மெக்கானிக் பேட்டரி என்றார், மாற்றினோம். இன்னொருவர் ஹீட்டர் பிளக் என்றார், அதையும் மாற்றினோம். காலையில் அதே கிர்...

நான் எட்டாவதோடு நின்றவள். கணக்கு எழுத நானாகத்தான் பழகினேன். பால் கணக்கு, டீசல் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் அந்த மாதம் வண்டியையும் எழுத ஆரம்பித்தேன். எத்தனை செல்ப், எத்தனை நிமிஷம், புகை வந்ததா இல்லையா. எதற்கென்று எனக்கே தெரியாது. எழுதினால் மனசு கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான்.

பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஷெட் வைத்திருந்த சேவியர் அண்ணனிடம் இவர் போனார். அவர் வண்டியைத் தொடவே இல்லையாம். "இங்க ஓட்டிட்டு வந்தா சூடாயி நல்ல புள்ளையாட்டம் நிக்கும். அது படுத்து எந்திரிக்கிற எடத்துல பாக்கணும். விடியக்காலம் நானே வாரேன்."

சொன்னபடி அஞ்சு மணிக்கு முன்னாலேயே சைக்கிளில் வந்துவிட்டார். தலையில் மப்ளர். பானெட் மேல் நான் வைத்திருந்த பூசணிப்பூவை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இப்ப செல்ப் அடி தம்பி."

கிர்... கிர்...

"போதும். என்ஜின் நல்லாத்தான் சுத்துது. டீசல் வந்து எரியலேன்னா வெள்ளைப் புகையாவது வரும். இதுல அதுவும் இல்ல. டீசலே மேல வரலப்பா."

தயங்கித் தயங்கி நோட்டை நீட்டினேன். "எல்லா நாளும் புகை இல்லைன்னுதான் எழுதியிருக்கேன், அண்ணே."

டார்ச் வெளிச்சத்தில் ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டு இடத்தில் விரல் நின்றது. 'அம்மா வீடு, ஞாயிறு. ஒரே செல்ப்.' மில் லீவு நாளில் ஆண்டாளைச் சேவிக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் அம்மா வீட்டுக்கு முந்தின நாளே போய்த் தங்கிய இரண்டு காலைகள் அவை.

"ஏன் தங்கச்சி, புத்தூர்ல குளிரு இல்லியோ?"

"அங்கயும் இதே குளிருதான்."

"அங்க வண்டி எப்படி நிக்கும்?"

"சமதரைதான் அண்ணே."

அவர் எழுந்து தெருவை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் தெரு கிழக்கே மெயின் ரோட்டைப் பார்த்து ஏறும். "இங்க மட்டும் எதுக்கு மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

வருஷம் முழுக்க வண்டி ரோட்டிலிருந்து இறங்கி வந்த மேனிக்கே மேற்கு பார்த்து நிற்கும். மார்கழியில் மட்டும் நான் விடமாட்டேன். சூரியன் வருகிற திசையில் வண்டி முகம் இருக்க வேண்டும், கிழக்கு பார்த்து நிறுத்துங்கள் என்று தினமும் திருப்ப வைப்பேன். அதைச் சொன்னேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்து டீசல் லைனைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். ஒரு சின்னச் செம்பு வாசர் தேய்ந்து போயிருந்தது. மேட்டைப் பார்த்து நின்றால் அந்த வழியாக ராத்திரி முழுக்கக் காற்று புகுந்து, டீசல் பின்னால் டேங்குக்கே இறங்கிவிடுமாம். டீசலை மேலே ஏற்றும் கைப்பம்பை அமுக்கி அன்றைக்கு வண்டியைக் கிளப்பினார். டிரிப் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மத்தியானம் வாசரை மாற்றினார். "இனி மேக்க பாத்தே நிறுத்திருதோம் அண்ணே" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்...

"எதுக்கு? கோளாறு வாசர்ல இருந்துச்சு தங்கச்சி, கெழக்குல இல்ல. நீ எப்பவும் போல கும்புடு."

கழுத்தில் சிலுவை போட்ட மனுஷன். என் பக்தியை ஒரு சொல்லால் நோகடித்திருக்கலாம். அவர் வாயிலிருந்து அது வரவில்லை.

மறுநாள் வண்டியை மறுபடி கிழக்கு பார்த்தே நிறுத்தினோம். ஒரே செல்ப். நிமிர்ந்து பார்த்தால் தெருமுனையில் மப்ளர் கட்டிய ஒரு சைக்கிள். சத்தத்தைக் கேட்டுவிட்டு, வராமலே திரும்பிப் போனது.

போன மார்கழியில் என் மகனின் கார் காலையில் மக்கர் செய்தது. கம்பெனி ஆள் வந்தார், ஒரு கருவியைச் செருகினார், "பேட்டரி மேடம்" என்றார். அஞ்சு நிமிஷத்தில் மாற்றியும் விட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை, கெட்டிக்காரப் பையன்.

ஒரு வாரமாக எழுதி வைத்திருந்த நோட்டோடு நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

கார் இன்றைக்கும் கிழக்கு பார்த்துத்தான் நிற்கிறது.